சீனியை மட்டும் அளப்போருக்கு

சலரோகக்காரர் இருவர் சந்தித்தால் முதற்கேள்வி, "சீனி எவ்வளவு?" என்பதே. குருதி அமுக்கம் எவ்வளவு என்று எவரும் கேட்பதில்லை. பத்திரிகைக்காரர்களாகிய நாமும் பாகற்காய், வெந்தயம் என்றெழுதியே பக்கம் நிரப்பினோம். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

நீரிழிவும் உயர் குருதி அமுக்கமும் ஒருங்கே கொண்ட 1,148 பேரிடம் நடத்தப்பட்ட பிரித்தானிய ஆய்வு 1998இல் வெளியானது. ஒரு சாராரின் சராசரி அமுக்கம் 154/87. இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்ட மறுசாராருக்கு 144/82. அந்தச் சிறு இறக்கமே பக்கவாதத்தை 44 வீதத்தாலும் நீரிழிவு சார்ந்த மரணங்களை 32 வீதத்தாலும் குறைத்தது.

"எனக்குத் தலைச்சுற்றே இல்லையே" என்பீர்கள். உயர் அமுக்கம் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. சத்தமின்றியே சிறுநீரகத்தையும் கண்ணையும் அரிக்கிறது.

அடுத்தமுறை கிளினிக்கில் விரலை மட்டும் நீட்டாதீர்கள், புயத்தையும் நீட்டுங்கள்.