இரண்டரை சென்ட் நிலமும் எங்க மாமாவோட ரெண்டு ஏக்கரும்

டிஸ்கி: கொஞ்சம் நீளம், கொஞ்சம் கோபம், நடுவுல கணக்கும் வரும். பொறுமை இருந்தா படிங்க.

எங்க மாமாவுக்கு கும்மிடிப்பூண்டி பக்கத்துல ரெண்டு ஏக்கர் கழனி. ஊர் பேரு வேணாம், எழுதினேன்னு தெரிஞ்சா திட்டுவார். ஜி.என்.டி. ரோட்டுலேர்ந்து உள்ளே திரும்பினா முதல்ல கம்பெனி காம்பவுண்டு சுவர், அப்புறம் கோடவுன் வரிசை, அதையெல்லாம் தாண்டினாத்தான் பச்சை கண்ணுல படும். நான் ஸ்கூல் லீவுக்குப் போற காலத்துல அந்த கோடவுன் இருக்கிற இடம் பள்ளமா இருக்கும், மழைத் தண்ணி அது வழியா ஓடைக்குப் போயிடும். இப்ப அங்க அஞ்சடி உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கிட்டாங்க. தண்ணி எங்க போகும்? மாமா கழனிக்குத்தான் போகும்.

2023 டிசம்பர் 3, 4 தேதிகள்ல மிக்ஜாம் புயல் கொட்டின கொட்டு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சென்னைன்னா டிவியில ஹெலிகாப்டர் ஷாட் போடுவாங்க. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி பக்கம் கழனியில நின்ன தண்ணிக்கு அவ்வளவு மவுசு கிடையாது. மாமா சம்பாவுக்கு பாபட்லா போட்டிருந்தார். கதிர் வெளிய வந்து பால் பிடிக்கிற நேரம். ஆறு நாள் தண்ணி நின்னுச்சு. வடிஞ்சப்ப பயிர் படுத்துக்கிச்சு, வரப்புல நின்னாலே அழுகல் நாத்தம். ஏக்கருக்கு 25 மூட்டை எடுக்கிற மனுஷன், அந்த வருஷம் ரெண்டு ஏக்கருக்கும் சேர்த்து 9 மூட்டை எடுத்தார். அதுவும் கறுத்த நெல்லு.

ஆனா மாமா ஏமாளி இல்லை. பயிர்க் காப்பீடு பண்ணியிருந்தார். நவம்பர் 15 கெடுவுக்கு முன்னாடியே சிட்டா, விஏஓ குடுத்த அடங்கல், ஆதார், பாஸ்புக் ஜெராக்ஸ் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போய் பொது சேவை மையத்துல பிரீமியம் கட்டிட்டார். பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டம், 2016-ல வந்தது. நம்ம சம்பாவை டெல்லி காலண்டர் 'ரபி'னு கூப்பிடுது, அதுக்கு விவசாயி பங்கு காப்பீட்டுத் தொகையில ஒன்றரை சதவீதம். மிச்ச பிரீமியம் மத்திய, மாநில அரசுங்க குடுக்குது, அதாவது நம்ம வரிப்பணம்.

ரசீது இருக்கு, அழுகின பயிரோட போட்டோ இருக்கு. பணம்? வரலை. ரெண்டு மூணு மாசம் ஆபீஸ் ஆபீஸா ஏறி இறங்கினதுக்கு அப்புறம் கிடைச்ச பதில் இது: "உங்க கிராமத்துல மகசூல் இழப்பு இல்லைங்க. உத்தரவாத மகசூலை விட அதிகமாவே வந்திருக்கு."

மாமா போன்ல கேட்டார், "இன்னாடா மாப்ள, என் கழனிக்குத்தானே துட்டு கட்டுனேன்? ஊருக்கா கட்டுனேன்?"

எனக்கு பதில் தெரியலை. படிச்சுப் பார்த்தேன். படிச்சதுக்கு அப்புறம்தான் இந்தக் கோபம்.

விஷயம் இப்படி. பிரீமியம் கட்டுறது தனித்தனி விவசாயி. ஆனா நஷ்டத்தை அளக்கிறது வருவாய் கிராமம் மொத்தத்துக்கும். ஒரு கிராமத்துக்கு நாலு இடத்துல பயிர் அறுவடைச் சோதனைனு ஒண்ணு நடத்துவாங்க. நெல்லுக்கு ஒவ்வொரு இடமும் 5 மீட்டருக்கு 5 மீட்டர். கயிறு கட்டி, அதுக்குள்ள இருக்கிற கதிரை மட்டும் அறுத்து, அடிச்சு, எடை போடுவாங்க. நாலு எடையோட சராசரிதான் அந்த வருஷம் ஊர் மகசூல். கடைசி 7 வருஷத்துல சிறந்த 5 வருஷ மகசூலை எடுத்து, அந்தச் சராசரியில 70, 80 இல்ல 90 சதவீதம்னு வெச்சா அது உத்தரவாத மகசூல். ஊர் சராசரி இதுக்குக் கீழே போனா, எவ்வளவு கீழே போச்சோ அந்த விகிதத்துல எல்லாருக்கும் பணம். மேலே இருந்தா ஒருத்தருக்கும் ஒத்தப் பைசா கிடையாது.

25 சதுர மீட்டர், நாலு இடம், மொத்தம் 100 சதுர மீட்டர். அதாவது இரண்டரை சென்ட். ஒரு ஊரோட தலையெழுத்தை ஒரு சின்ன வீட்டு மனை அளவு நிலம் எழுதுது.

மாமா ஊர்ல மேற்கால மேடு, போர் தண்ணி, நல்ல வெள்ளாமை. கிழக்கால ஓடைப் பக்கம் பள்ளம். தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்டோம். நாலு சோதனையில மூணு மேட்டுக் கழனியில விழுந்திருக்கு. சர்வே நம்பரை குலுக்கல் மாதிரி ரேண்டமா எடுக்கணும்ங்கிறது விதி, அதனால யாரும் திருட்டுத்தனம் பண்ணாங்கன்னு நான் சொல்ல வரலை. குலுக்கல்ல மேடு விழுந்துச்சு, அவ்வளவுதான். கணக்குக்கு ஒரு உதாரணம்: உத்தரவாத மகசூல் ஹெக்டேருக்கு 3,000 கிலோன்னு வெச்சுக்குவோம். மூணு மேட்டுத் துண்டுல 3,800, பள்ளத்துத் துண்டுல 1,200. சராசரி 3,150. போச்சு. பள்ளத்துல இருக்கிறவன் காலி, ஆனா 'கிராமத்துல இழப்பு இல்லை'.

அடுத்தவங்க எழுதின கோட்ல பக் தேடித்தான் எனக்குச் சம்பளம். இதுல பக் இல்லை. எழுதின மாதிரியே ஓடுது. அந்த ஃபார்முலாவுல மாமா கழனிங்கிற வேரியபிளே கிடையாது.

இப்ப இதைக் கேளுங்க. அதே மழைக்கு தமிழக அரசு நிவாரணம் அறிவிச்சாங்க. 33 சதவீதத்துக்கு மேல சேதமான நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். விஏஓவும் வேளாண்மைத் துறை ஆளும் மாமா கழனிக்கே வந்தாங்க. சேத்துல இறங்கிப் பார்த்தாங்க, சர்வே நம்பர் போட்டு எழுதிக்கிட்டாங்க. பணமும் வந்துச்சு, ஏக்கருக்கு கிட்டத்தட்ட 6,900. உழவு கூலிக்கும் நடவு கூலிக்குமே பத்தாது, ஆனா வந்துச்சு. அப்ப ஒரு மேசையில இவர் பயிர் சேதம்னு சர்க்கார் ஆளே கையெழுத்துப் போட்டிருக்கார். இன்னொரு மேசையில இழப்பு இல்லை. ரெண்டு மேசைக்கும் நடுவுல ஒரு காகிதம் கூட போய் வரலை.

"72 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணுமே, சொன்னாரா?"னு விவரம் தெரிஞ்சவங்க கேப்பீங்க. சொன்னார். வயல் வாரியா தனித்தனியா பார்க்கிற பிரிவும் இந்தத் திட்டத்துல இருக்கு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, வெள்ளம் சூழ்றது இதுக்கெல்லாம் அந்தக் கழனியை மட்டும் வந்து பார்க்கலாம். ஆனா 2018-ல ஒரு திருத்தம் பண்ணாங்க: வெள்ளம் சூழ்ந்தா தனியா பார்க்கிற சலுகை நெல்லு, கரும்பு, சணல் மாதிரி பயிர்களுக்குக் கிடையாது. ஏன்? அதெல்லாம் தண்ணியை விரும்புற பயிராம்!

நெல்லு தண்ணியில நிக்கும். ரெண்டு இஞ்ச், நாலு இஞ்ச். கதிர் மூழ்கி ஆறு நாள் நிக்காது. இதைச் சொல்ல வேளாண் பட்டம் வேணுமா? மனுஷனும் தினம் தண்ணி குடிக்கிறான், அதுக்காக கிணத்துல விழுந்தவனை விட்டுட்டுப் போவோமா? பக்கத்துக் கழனியில வேர்க்கடலை இருந்து அது மூழ்கியிருந்தா விதிப்படி தனியா வந்து பார்க்கலாம். கடற்கரை மாவட்டத்துல, மழைக்காலத்துல, சம்பா நெல்லு போடுறவனுக்கு வர்ற முதல் ஆபத்து எதுவோ அதை மட்டும் எடுத்து வெளியே வெச்சுட்டு, அதுக்குப் பேரு காப்பீடு. 2018-ல கஜா, 2020-ல நிவர், 2022-ல மாண்டஸ், 2023-ல மிக்ஜாம், 2024-ல ஃபெஞ்சல். எல்லாமே அந்தத் திருத்த வருஷத்துலயும் அதுக்கு அப்புறமும் வந்தது.

மேல சொன்ன கோடவுனுக்கு வர்றேன். மாமா பையன் அங்கதான் காண்ட்ராக்ட்ல வேலை பார்க்கிறான். அதே மழையில அங்கயும் தண்ணி பூந்து கீழடுக்குல இருந்த சரக்கெல்லாம் நனைஞ்சிடுச்சு. அவங்களும் இன்சூரன்ஸ்தான். சர்வேயர் வந்தார். எந்த அட்டைப்பெட்டி நனைஞ்சது, எது நனையலைன்னு எண்ணினார், போட்டோ எடுத்தார், ஸ்டாக் ரெஜிஸ்டர் கேட்டார். தொழிற்பேட்டையில மொத்தம் எத்தனை கோடவுன், அதுல நாலு கோடவுனைக் குலுக்கிப் போட்டு சராசரி ஈரம் என்னன்னு அவர் கேக்கலை. என் பைக்கும்தான் அந்த மழையில வேளச்சேரியில மூழ்கிச்சு. எங்க அபார்ட்மென்ட்ல நிறைய வண்டிங்க மேட்டுல நின்னதால தப்பிச்சுது, ஆகவே சராசரியா உங்க வண்டி நனையலைன்னு எவனும் எனக்கு லெட்டர் போடலை. போட்டிருந்தா சும்மா விட்டிருப்பேனா :-)

சுவருக்கு அந்தப் பக்கம் நஷ்டம்னா அது அவங்க நஷ்டம். சுவருக்கு இந்தப் பக்கம் நஷ்டம்னா அது ஊர்ல கரைஞ்சிடும். ரெண்டு பக்கமும் ஒரே தண்ணி.

நியாயமா எதிர்த்தரப்பையும் சொல்லிடறேன். இந்த 'ஊர் சராசரி' முறை சும்மா வந்ததில்லை. 1972-ல குஜராத்துல ஹெச்-4 பருத்திக்கு ஆரம்பிச்சு, அப்புறம் தமிழ்நாடு உட்பட சில மாநிலங்கள்ல விவசாயி வாரியா காப்பீடு பண்ணிப் பார்த்தாங்க. 1978 வரைக்கும் 3,110 பேர்தான் சேர்ந்தாங்க. வந்த பிரீமியம் 4.54 லட்சம், குடுத்த இழப்பீடு 37.88 லட்சம். கையைச் சுட்டுக்கிச்சு. பேராசிரியர் வி.எம்.தாண்டேகர்தான் ஆளு ஆளா பார்க்க முடியாது, பகுதி பகுதியா பார்க்கலாம்னு சொன்னவர். அதை வெச்சுத்தான் 1985-ல நாடு முழுக்க திட்டம் வந்துச்சு. ஆளுக்கு ஆள் பார்த்தா செலவு, பொய்க் கணக்கு, லஞ்சம் எல்லாம் வரும்ங்கிற வாதத்துல உண்மை இருக்கு. ஒத்துக்கறேன். கரண்டு கூட வராத ஊருங்க நிறைய இருந்த காலத்துல அது புத்திசாலித்தனமான யோசனை.

இப்ப அந்தக் காலமா? 2023 காரீஃப்லேர்ந்து நெல்லு, கோதுமை மகசூல் கணக்குல 30 சதவீதம் செயற்கைக்கோள் மாதிரியான தொழில்நுட்பத்தை வெச்சுத்தான் போடணும்னு விதியே வந்தாச்சு. 2024 நவம்பர்ல தமிழ்நாட்டுல வேளாண் கல்லூரி பசங்களை கழனி கழனியா அனுப்பி டிஜிட்டல் பயிர் சர்வே எடுத்தாங்க, பாம்பு பல்லி பயத்தோட செல்போனைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சுதுங்க பாவம். எந்த சர்வே நம்பர்ல என்ன பயிர்னு தெரியும். எத்தனை நாள் தண்ணி நின்னுச்சுன்னு மேலேர்ந்து பார்க்க முடியும். மேகம் மூடினாலும் ரேடார் படம் காட்டும். ஆனா இந்தக் கண்ணெல்லாம் மாமா கழனி பக்கம் வரும்போது மட்டும் திரும்ப ஊர் சராசரிக்குள்ள போய் ஒளிஞ்சுக்குது.

சரி, சராசரிதான் முடிவுன்னா அந்த நாலு எடையையாவது வெளிப்படையா போட்டா என்ன? எந்த சர்வே நம்பர், எந்தத் தேதி, எத்தனை கிலோ, உத்தரவாத மகசூல் எவ்வளவு, எந்த 5 வருஷத்தை எடுத்தீங்க. பஞ்சாயத்து ஆபீஸ் சுவத்துல ஒரு பேப்பர். மாமா இதுக்கு ஆர்டிஐ போட்டு, ஞாபகக் கடிதம் போட்டு, மேல்முறையீடு போட்டு வாங்க வேண்டியிருந்துச்சு. அதுவும் அரசு ஆபீஸ்ங்கிறதால. தனியார் இன்சூரன்ஸ் கம்பெனின்னா ஆர்டிஐக்குள்ளயே வராது. 2017-ல சிஏஜி பழைய காப்பீட்டுத் திட்டங்களைத் தணிக்கை பண்ணப்போ, காப்பீடு செஞ்ச விவசாயிங்க விவரத்தையே ஒழுங்கா யாரும் வெச்சிருக்கலைன்னு எழுதினாங்க. இப்ப போர்ட்டல் இருக்கு, ஆப் இருக்கு. விவரம் இருக்கு. யாருக்குன்னுதான் தெரியலை. இழப்பீடு லேட்டானா கம்பெனி 12 சதவீத வட்டி குடுக்கணும்னு 2018 வழிகாட்டுதல்ல இருக்கு. ஆனா பூஜ்யத்துக்கு எத்தனை சதவீதம் வட்டி போட்டாலும் பூஜ்யம்தான்.

2025-ல மகாராஷ்டிராவில அகோலா பக்கம் விவசாயிங்களுக்கு 3 ரூபாய், 5 ரூபாய்னு இழப்பீடு வந்துச்சு. மத்திய வேளாண் அமைச்சரே கூப்பிட்டு இது கேலிக்கூத்துன்னு சொன்னார். விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துல மாமா இதை எடுத்துச் சொல்லியிருக்கார், "அவங்களுக்கு மூணு ரூபாயாவது வந்துச்சு". கூட்டம் சிரிச்சுதாம். மனு மேல சீல் அடிச்சுக் குடுத்தாங்களாம்.

2025 நவம்பர்ல ஊருக்குப் போயிருந்தப்ப திரும்பவும் பிரீமியம் கட்டக் கிளம்பிட்டார். எதுக்கு மாமா, வேஸ்ட்டுன்னேன். "கட்டலைன்னா அதையே காரணமா சொல்லுவாங்கோ"ன்னார். கட்டினோம். நவம்பர் 18-ஆம் தேதி டெல்லியிலேர்ந்து அறிவிப்பு வருது: நெல்லு வெள்ளத்துல மூழ்கினா மறுபடியும் தனித்தனியா பார்ப்போம், 2026 காரீஃப்லேர்ந்து. ஏழு வருஷம் கழிச்சு நெல்லுக்கும் மூச்சுத் திணறும்னு கண்டுபிடிச்சுட்டாங்க.

டிசம்பர் முதல் வாரம் டித்வா புயலோட மிச்சம் கடலோரமா நின்னு திருவள்ளூர் மாவட்டத்துல ஊத்திச்சு. மாமா போன்.

"மாப்ள, முட்டி வரைக்கும் தண்ணி. அந்தப் புது ரூல் எப்போன்னு சொன்ன?"

"அடுத்த காரீஃப்லேர்ந்து மாமா."

"நம்ம சம்பா அதுல வருமா?"

"சம்பா அவங்க கணக்குல ரபி மாமா. காரீஃப்க்கு அப்புறம். அடுத்த வருஷம்தான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், தேதியும் இடமும் விழுற மாதிரி போட்டோ எப்படி எடுக்கிறதுன்னு கேட்டார். சொல்லிக் குடுத்தேன். இருபத்தி மூணு போட்டோ அனுப்பியிருக்கார்.