விதியா? வித்தையா?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்)

சென்ற ஆண்டு நம் கல்லூரித் தமிழ் மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது நண்பர்களுக்கு நினைவிருக்கும். "மனித வாழ்வில் வெற்றியைத் தருவது ஊழா? முயற்சியா?" என்பது தலைப்பு. முயற்சியே என்று வாதாடிய அணியில் அடியேனும் ஒருவன். எதிரணி நண்பர் எழுந்தார். "மான் வேட்டைக்குப் போனவனைக் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கிதான் அவன் கையில் இருக்கிறது. மான் வருவது ஆண்டவன் கையில் அல்லவா இருக்கிறது!" என்று ஒரு போடு போட்டார். கைதட்டல் அடங்க வெகு நேரமாயிற்று.

அடுத்துப் பேச வேண்டியவன் நான். நா வறண்டு விட்டது. திருக்குறளில் ஆள்வினையுடைமை அதிகாரத்தைப் பிடித்துக் கொண்டேன். அவர்கள் ஊழ் அதிகாரத்தைப் பிடித்துக் கொண்டார்கள். வள்ளுவப் பெருந்தகை இரு கட்சிக்கும் வக்கீல்! முடிவில் நடுவர் அவர்கள் "இரண்டும் இரு கண்கள்" என்று தீர்ப்பளித்தார்கள். பட்டிமன்ற நடுவர்கள் என்றைக்குத்தான் வேறு தீர்ப்பு வழங்கியிருக்கிறார்கள்?

எனக்கு அந்தத் தீர்ப்பு செரிக்கவில்லை. மேடையில் சொல்லத் தெரியாமற் போனதை இந்த மலரின் பக்கங்களில் சொல்லிப் பார்க்கிறேன். சொல்வதற்கு எனக்கு ஓர் உரிமையும் உண்டு. என் தாத்தா வேட்டைக்குப் போனவர்.

வேட்டைக்காரர் என்று சொல்லவில்லை, வேட்டைக்குப் போனவர். துப்பாக்கி அவர் கையில் ஒருநாளும் இருந்ததில்லை. அந்நாளில் உரிமம் பெற்று வேட்டையாட இடமிருந்தது. 1960களில் ஊர்ப் பெரிய மனிதர் ஒருவர் குற்றாலத்து மலைச்சரிவுகளுக்கு வேட்டைக்குப் போவாராம். அவருக்காக முன்கூட்டியே காட்டுக்குள் போய்த் தடம் பார்த்து, மானைக் கலைத்து, துப்பாக்கி இருக்கும் பக்கமாக ஓட்டி வருகிற ஆட்களில் ஒருவராக இருந்தவர் என் தாத்தா. அப்போது அவருக்கு ஏறக்குறைய என் வயது. கூலி ஒரு நாள் சாப்பாடும் கொஞ்சம் கறியும்.

மிளா என்று நம் பக்கத்தில் சொல்கிறோமே, அந்தப் பெரிய மானைப் பற்றித் தாத்தா சொல்லக் கேட்க வேண்டும். முற்றிய கடா இருநூறு கிலோவுக்கு மேல் நிற்கும். அத்தனை பெரிய உருவம், பத்தடி தூரத்தில் மரத்தோடு மரமாக நின்றாலும் நம் கண்ணுக்குப் புலப்படாது. ஆபத்து என்று ஐயம் வந்தால் ஓடாது, நிற்கும். முன்காலைத் தரையில் தட்டும். பிறகுதான் அந்த ஒற்றைக் குரல், மலையெல்லாம் எதிரொலிக்கும்படி. அதன் கண்ணை ஏமாற்றி விடலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. வேட்டை முழுவதும் காற்றில்தான் இருக்கிறது என்பார் தாத்தா.

சாரல் காலத்தில் நமக்குக் காற்று எங்கிருந்து வருகிறது? மேற்கே ஆரியங்காவுக் கணவாய் வழியாகவும் மலைமுகடுகள் வழியாகவும் கிழக்கே தென்காசிச் சமவெளியை நோக்கி இறங்குகிறது. அப்படியானால் மலையடிவாரத்தில் இருப்பவனின் வாடை மேலே நிற்கும் மிளாவுக்கு எட்டாது. மிளாவின் வாடைதான் கீழே வரும். ஆகவே துப்பாக்கி கீழே, கிழக்கே இருக்க வேண்டும். கலைக்கிற ஆட்கள் மேலே, மேற்கே இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் நள்ளிரவு கழிந்ததும் புறப்பட்டு, அட்டைக்கடியோடு, மானுக்குத் தெரியாமல் வெகு தூரம் சுற்றி வளைத்து மேலேறுவார்கள். ஈரச் சருகு ஓசைப்படாது என்பது ஒரு வசதி. விடியும்போது மேலிருந்து மெல்லக் கலைப்பார்கள். அதிகம் கூச்சல் போட்டால் மிளா குறுக்கே பாய்ந்து விடும். போடாவிட்டால் அசையவே அசையாது. எந்தத் தடம் நேற்றையது, எந்தத் தடம் இன்று காலையது, புழுக்கை காய்ந்ததா ஈரமா, இந்தக் கூட்டம் எந்த ஓடையில் இறங்கும் என்பதெல்லாம் அவர்கள் கணக்கு.

ஓர் ஆடி மாதத்தில் அந்தப் பெரிய மனிதர் ஒரே குண்டில் பெரிய கடாவைச் சாய்த்தார். கொம்பைப் பிடித்தபடி நின்று படம் எடுத்துக் கொண்டார். "ஐயாவுக்குக் குறி தப்பாது" என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் படத்தில் தாத்தா இல்லை. அவர் இன்னும் மலையிலிருந்து இறங்கிக் கொண்டிருந்தாராம்!

அதே ஆண்டு ஐப்பசியில் மறுபடியும் போனார்கள். பெரிய மனிதருக்கு அதே பாறை, அதே இடம்தான் வேண்டும், ராசியான இடமாயிற்றே! ஆனால் ஐப்பசியில் வீசுவது வாடைக்காற்று. வடகிழக்கிலிருந்து மலையை நோக்கி வீசுவது. கீழே உட்கார்ந்திருப்பவரின் வாடை, அவர் பிடித்த சுருட்டின் வாடை, எல்லாம் நேரே மேலே போகும். "காத்து மாறிட்டு ஐயா, நீங்க இந்தப் பக்கம் இருக்கக் கூடாது" என்று தாத்தா சொல்லியிருக்கிறார். யார் கேட்டார்கள்? மிளாக் கூட்டம் பாதி தூரம் இறங்கி வந்து, நின்று, காலைத் தட்டி, பக்கவாட்டில் ஏறிப் போய்விட்டது. பெரிய மனிதர் திரும்பும் வழியில் சொன்னாராம்: "இன்றைக்கு எவன் முகத்தில் விழித்தேனோ!" சொல்லும்போது அவர் பார்த்தது என் தாத்தாவின் முகத்தை.

நண்பர்களே, ஆடியில் கிடைத்தது அவருடைய திறமை. ஐப்பசியில் தவறியது தாத்தாவின் துரதிர்ஷ்டம். ஊழா முயற்சியா என்று வாதாடுவதற்கு முன்னால் இந்தக் கணக்கை யார் எழுதுகிறார் என்று கேட்க வேண்டாமா? எதிரணி நண்பர் சொன்னாரே, மான் வருவது ஆண்டவன் கையில் என்று. பாறைமேல் உட்கார்ந்திருந்தவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். அவர் கண்ணுக்குத் தெரியாமல் மேலே நாலு பேர் அட்டைக்கடியோடு நடந்து கொண்டிருந்தார்கள்.

அதற்காக அதிர்ஷ்டம் என்ற ஒன்றே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. அறிவியல் மாணவன் அப்படிச் சொன்னால் அது பிழை. புலியை விடச் சிறந்த வேட்டைக்காரன் உண்டா? மத்தியப் பிரதேசத்துக் கான்ஹா காட்டில் புலியையும் மானையும் ஆராய்ந்து 1967ஆம் ஆண்டில் நூல் வெளியிட்ட ஜார்ஜ் ஷாலர், புலியின் முயற்சிகளில் பெரும்பாலானவை தோல்வியில் முடிவதையே கண்டார். ஆப்பிரிக்காவில் டான்சானியா நாட்டில் ஹட்சா என்னும் வேட்டைக் குடிகள் இருக்கிறார்கள். வில்லும் அம்பும் அவர்களுக்குக் கை கால் போல. அவர்களுடன் தங்கி ஆராய்ந்தவர்கள் 1991இல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவன் ஏறக்குறைய முப்பது நாள் வேட்டைக்குப் போனால் ஒரு பெரிய விலங்கு கிடைக்கிறது.

இதை வைத்து நான் ஒரு கணக்குப் போட்டேன். நாளொன்றுக்கு முப்பதில் ஒரு பங்கு வாய்ப்பு உடையவன் முப்பது நாளும் வெறுங்கையோடு திரும்புவதற்கு எவ்வளவு வாய்ப்பு? முப்பதில் இருபத்தொன்பது என்ற பின்னத்தை முப்பது முறை பெருக்க வேண்டும். நூற்றுக்கு முப்பத்தாறு வருகிறது. அவனைப் போல இரு மடங்கு கெட்டிக்காரனை எடுத்துக் கொண்டாலும், ஏறக்குறைய எட்டு மாதத்தில் ஒரு மாதம் அவனும் வெறுங்கையோடுதான் வருவான். ஆக, ஒரு நாள் வேட்டையை வைத்தோ ஒரு மாத வேட்டையை வைத்தோ எவன் வல்லவன் என்று தீர்ப்பளிப்பது அறிவீனம். அந்த அளவுக்குச் சில நாட்கள் ஊழின் கையில்தான் இருக்கின்றன.

ஆனால் ஒரு மாதத்தை விட்டு ஓர் ஆயுளைப் பாருங்கள். ஜெரமி கோஸ்டர் என்பவரும் அவருடன் பலரும் சேர்ந்து 2020ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உலகெங்கும் நாற்பது இடங்களில், ஆயிரத்து எண்ணூறுக்கும் மேற்பட்ட வேட்டைக்காரர்களின் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேட்டைக் குறிப்புகளைத் திரட்டிப் பார்த்தார்கள். வேட்டைத் திறன் உச்சத்தை எட்டுவது முப்பதிலிருந்து முப்பத்தைந்து வயதுக்குள். உடல் வலு உச்சத்தில் இருக்கும் இருபதுகளில் அல்ல! அதற்குப் பிறகும் அது மெல்லத்தான் குறைகிறது. எல்லாம் அதிர்ஷ்டமே என்றால், அதிர்ஷ்ட தேவதை ஏன் வயதைக் கேட்டு வரம் கொடுக்க வேண்டும்? இருபது வயதுப் பையனுக்கு ஓடத் தெரியும்; காற்றைப் படிக்கத் தெரியாது. படிக்கப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகிறது. நம் பட்டப் படிப்பைப் போல ஐந்து மடங்கு!

நம் இலக்கியத்துக்கு வருவோம். புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வன்பரணர், கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். விட்ட அம்பு ஒன்று. யானையை வீழ்த்தி, புலியைத் துளைத்து, புள்ளிமானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. விலங்கியல் மாணவனாக எனக்கு இதில் ஆயிரம் ஐயங்கள். அதை விட்டு விடலாம். எனக்குப் பிடித்தது அதன் பின்பகுதி. பாணர்கள் அவன் யாரென்று அறியாமலே புகழ்ந்து பாடுகிறார்கள். பாட்டில் தன் பெயர் வந்தபோது அவன் நாணுகிறான். தான் கொன்ற மானின் இறைச்சியை அவர்களுக்குக் கொடுக்கிறான். ஒரே அம்பில் ஐந்தை வீழ்த்தியவன் நாணுகிறான். கலைத்து விட்ட மானைச் சுட்டவர் கொம்பைப் பிடித்துப் படம் எடுத்துக் கொள்கிறார்.

ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்களிடம் இதைவிட வியப்பான வழக்கம் ஒன்று இருந்ததை ரிச்சர்ட் லீ என்ற மானிடவியல் அறிஞர் எழுதியிருக்கிறார். அங்கே வேட்டைக்காரர்கள் தங்களுக்குள் அம்புகளை மாற்றிக் கொள்வார்கள். விலங்கு விழுந்தால், இறைச்சியைப் பங்கிடும் உரிமை எய்தவனுக்கு அல்ல, அம்புக்குச் சொந்தக்காரனுக்கு. பெரிய விலங்கைக் கொண்டு வந்தவனை "இது என்ன, வெறும் எலும்பு!" என்று ஊரே கேலி செய்யும். இளைஞன் தலைக்கனம் கொள்ளாதிருக்கவாம். அவர்களுக்குத் திறமை தெரியாமல் இல்லை. யார் வல்லவன் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவன் கை ஓங்கி விடக் கூடாது என்று ஊரே கூடி முடிவு செய்திருக்கிறது.

நம் ஊர்ப் புலவரை மறந்தால் குற்றாலநாதர் மன்னிக்க மாட்டார். தென்காசிக்குப் பக்கத்து மேலகரத்தில் பிறந்த திரிகூடராசப்பக் கவிராயரின் குறவஞ்சியில் சிங்கன் பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறான். துணைக்கு நூவன். வித்தை தெரிந்த சிங்கன்தான்; பறவைகளும் வயலில் இறங்கத்தான் செய்கின்றன. ஆனாலும் பறவைகள் தப்பிப் போகின்றன. ஏன்? சிங்கனின் நினைவெல்லாம் சிங்கி மேல்! இதை விதிக்கணக்கில் எழுதுவதா, வித்தைக்கணக்கில் எழுதுவதா? தேர்வு அறையில் எங்களில் சிலர் சிங்கன்களாக இருப்பதை விரிவுரையாளர்கள் அறிவார்கள்.

இவ்வளவும் எழுதுவதால் வேட்டைக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று எவரும் எண்ண வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டை உரிமம் என்பதையே ஒழித்தது. மிளா இன்று உலக அளவில் அழிவுக்கு இலக்காகும் விலங்குகளின் பட்டியலில் இருக்கிறது. இப்போது காட்டோரத்தில் கம்பிச் சுருக்கு வைத்தும், இரவில் விளக்கடித்துக் கண்ணைக் கூசச் செய்தும் மானைக் கொல்கிறவர்களுக்கு விதியும் வேண்டாம், வித்தையும் வேண்டாம். அது வெறும் களவு. தாத்தாவுக்கு அவர்கள் மேல் உள்ள கோபம் வனத்துறைக்குக் கூட இருக்காது.

எனக்கு இந்தக் கேள்வி வேட்டையோடு நின்றுவிடவில்லை. எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இடம் கிடைத்தபோது தெருவில் பலர் "அதிர்ஷ்டக்காரன்" என்றார்கள். அன்போடுதான் சொன்னார்கள். முதல் பருவத் தேர்வில் வேதியியல் தாளில் தவறினேன். அப்போது எவரும் துரதிர்ஷ்டம் என்று சொல்லவில்லை. "நமக்கெல்லாம் படிப்பு எங்கே வரும்" என்றார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம், தவறினால் தகுதியின்மை! படித்த குடும்பத்து நண்பன் ஒருவனும் அதே தாளில் தவறினான். அவனுக்கு மட்டும் "கேள்வித்தாள் கடினம்" என்றார்கள். கேள்வித்தாள் இருவருக்கும் ஒன்றுதானே?

அந்தத் தாளை அடுத்த பருவத்தில் தேறினேன். அதற்காக அம்மா பீடி சுற்றும் தட்டை ஓரமாக ஒதுக்கி விளக்கடியை எனக்கு விட்டுக் கொடுத்தது, சீனியர் அண்ணன் ஒருவர் தம் குறிப்புகளைக் கொடுத்தது, எல்லாம் என் மதிப்பெண் பட்டியலில் இல்லை. என் பெயர் மட்டும்தான் இருக்கிறது. ஒருவகையில் நானும் பாறைமேல் உட்கார்ந்திருந்தவன்தான்.

இந்தக் கட்டுரையை மலருக்குக் கொடுப்பதற்கு முந்திய இரவு தாத்தாவுக்குப் படித்துக் காட்டினேன். ஓரியையும் ஆப்பிரிக்காவையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். படத்தில் அவர் இல்லை என்று எழுதியதற்கும் ஒன்றும் சொல்லவில்லை. முடித்ததும் கேட்டார்:

"ஏலே, ஐப்பசியில காத்து மாறுனத வெவரமா எழுதியிருக்கியா?"

"எழுதியிருக்கேன் தாத்தா."

"அந்த எடத்த மட்டும் இன்னொருக்கா படி."