உபகாரச் சம்பளம் பிச்சையல்ல! தாதிப் படிப்புக்கு மனுப் போடும் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை



எஸ்.பி.எம். முடிவு வந்த மறுவாரமே நம் வீடுகளில் இந்தக் காட்சி தொடங்கிவிடுகிறது. மகள் முடிவுத் தாளைக் கையில் பிடித்துக் கொண்டு நிற்பாள். "நான் நர்ஸ் படிக்கப் போறேன்" என்பாள். அப்பாவின் முதல் கேள்வி, "எவ்வளவு ஆகும்?" அம்மாவின் முதல் கேள்வி, "யாரைப் போய்ப் பார்க்கணும்?"

அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வேண்டியிருக்கிறது.

'யாரைப் பார்க்கணும்?' என்பது நமக்கு வழிவழியாகப் பழக்கப்படுத்தப்பட்ட கேள்வி. தோட்டத்தில் இருந்தபோது கங்காணியைப் பார்த்தோம், கிராணியைப் பார்த்தோம். தோட்டம் கைமாறி, லயம் இடிபட்டு, அடுக்குமாடி வீட்டுக்கு வந்த பிறகு கட்சிக் கிளைத் தலைவரைப் பார்த்தோம். 'எந்தப் பாரம்? எந்தத் தேதிக்குள்? எந்தச் சட்டப்படி?' என்று கேட்க நமக்கு யாரும் கற்றுத் தரவில்லை. கற்றுத் தந்தால் தங்களைத் தேடி வரமாட்டோம் என்று அவர்களுக்குத் தெரியும்!

அம்மா துடைக்கும் வார்டு

அரசாங்க மருத்துவமனைக்குப் போய்ப் பாருங்கள். காலை ஏழு மணிக்கு வார்டில் தரை துடைப்பது யார்? கழிவறை கழுவுவது யார்? குப்பைப் பையைக் கட்டித் தள்ளுவண்டியில் ஏற்றுவது யார்? பல இடங்களில் அது நம் தாய்மார்கள். 1990-களில் துப்புரவு, சலவை போன்ற வேலைகளை அரசாங்கம் தனியார் நிறுவனங்களுக்குக் குத்தகைக்கு விட்டது. அன்று முதல் இந்தத் தாய்மார்கள் மருத்துவமனையிலேயே வேலை செய்தாலும் மருத்துவமனையின் ஊழியர் அல்லர். குத்தகை கைமாறும் போதெல்லாம், பத்து வருஷம் வேலை செய்தவரும் புதிய ஆளாகிவிடுகிறார்.

அந்த வார்டில் எந்த நேரம் மருந்து, எந்த நேரம் டாக்டர் வருவார், எந்த நோயாளிக்கு எப்போது மூச்சு வாங்கும் என்று நம் அம்மாவுக்குத் தெரியும். இரவில் தமிழ் மட்டுமே தெரிந்த பாட்டி வலியில் முனகினால், அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுச் சொல்ல துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு ஓடுவதும் அந்த அம்மாதான். அதற்குச் சம்பளம் இல்லை. பெயரும் இல்லை.

அதே வார்டில் அவருடைய மகள் தாதி உடையில் ஏன் நிற்கக் கூடாது? அந்தப் பிள்ளைக்கு மூளை இல்லையா? கை நடுங்குமா? இல்லை. மூன்று வருஷ டிப்ளோமாவுக்குப் பணம் இல்லை. பணம் கொடுக்கும் கதவு எங்கே இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. தடை இவ்வளவுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

உபகாரச் சம்பளம் என்றதும் தலையைக் குனிந்து கொள்கிறோம். யாரோ பெரிய மனசு வைத்துக் கொடுப்பதாக நினைக்கிறோம். அப்படி இல்லை.

மலேசியக் கூட்டரசு அரசியலமைப்பின் 12-ஆவது பிரிவைக் கேளுங்கள். அரசாங்கப் பணத்திலிருந்து மாணவர்களின் கல்விக்கோ பராமரிப்புக்கோ உதவி வழங்கும்போது, மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்து எந்தக் குடிமகனையும் பாகுபடுத்தக் கூடாது என்கிறது அது.

"153-ஆவது பிரிவு இருக்கிறதே" என்று உடனே நம் வாயை அடைப்பார்கள். இருக்கட்டும், அதையும் படிப்போம். மலாய்க்காரர்களுக்கும் சபா, சரவாக் சுதேசிகளுக்கும் அரசுப் பணியிலும் உபகாரச் சம்பளத்திலும் பயிற்சி வாய்ப்புகளிலும் நியாயமான ஒரு விகிதத்தை ஒதுக்கலாம் என்கிறது அப்பிரிவு. நியாயமான விகிதம் என்றுதான் எழுதியிருக்கிறது. முழுவதும் என்று எழுதவில்லை. அதே பிரிவின் தொடக்கத்திலேயே, ஏனைய சமூகங்களின் நியாயமான நலன்களைக் காக்கும் பொறுப்பும் மாமன்னருக்கு உண்டு என்று எழுதப்பட்டிருக்கிறது. முதல் பாதியை உரக்கப் படிப்பவர்கள் இரண்டாம் பாதியை ஏன் விழுங்கி விடுகிறார்கள்?

மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் தாதிமைப் படிப்பு இருக்கிறது. அதன் இளநிலைப் படிப்பு வாசல் நம் பிள்ளைகளுக்குத் திறப்பதில்லை. மாரா கல்விக் கடனும் நமக்கில்லை. அப்படியானால் எல்லாருக்கும் பொதுவான வாசல்கள் உண்மையிலேயே பொதுவாக இருக்கின்றனவா என்று கேட்கும் உரிமை நமக்கு இரண்டு மடங்கு இருக்கிறது. நாம் மலாய்க்கார ஏழைப் பிள்ளையின் தட்டில் கை வைக்கவில்லை. அந்தப் பிள்ளையின் அம்மாவும் நம் அம்மாவோடு சேர்ந்துதான் தரை துடைக்கிறார். நாம் கேட்பது நம் தட்டு எங்கே என்று.

அறுபதாயிரம் வெள்ளிப் பாடம்

என் அக்காள் மகளின் கதையைச் சொல்கிறேன். 2008-இல் எஸ்.பி.எம். முடித்து மூன்று கிரெடிட்டோடு வீட்டில் இருந்தாள். கோயில் திருவிழாவில் ஒரு தனியார் கல்லூரி மேசை போட்டிருந்தது. தமிழ் பேசும் ஒரு தம்பி, நல்ல சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "அக்கா, ஒரு காசு செலவில்லை. முழு உபகாரச் சம்பளம். படிச்சு முடிச்ச உடனே வேலை" என்றான். அக்காள் கையெழுத்துப் போட்டார். அந்தப் பாரம் மலாயில் இருந்தது. அக்காள் படித்தது தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை.

அவன் உபகாரச் சம்பளம் என்று சொன்னது பி.டி.பி.டி.என். கடன்! 1997-இல் உருவாக்கப்பட்ட தேசிய உயர்கல்வி நிதிக் கழகம் கொடுப்பது கடன். திருப்பிக் கட்ட வேண்டியது. கல்லூரிக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பிள்ளையின் பெயரில் ஏறத்தாழ அறுபதாயிரம் வெள்ளி ஏறிவிட்டது.

அவள் படித்துக் கொண்டிருந்தபோதே, 2010-இல், தாதிமை டிப்ளோமாவுக்கான குறைந்தபட்சத் தகுதியை மூன்று கிரெடிட்டிலிருந்து ஐந்தாக அரசாங்கம் உயர்த்தியது. காரணம் என்ன? கல்லூரிகள் கணக்கில்லாமல் பிள்ளைகளைச் சேர்த்து, ஆயிரக்கணக்கான தாதியர் வேலையில்லாமல் நின்றார்கள். கல்லூரிகளுக்கு அனுமதி கொடுத்தது யார்? அதே அரசாங்கம்தான். தண்டனை யாருக்கு? பிள்ளைகளுக்கு. என் அக்காள் மகள் ஒரு சின்ன கிளினிக்கில் மாதம் 900 வெள்ளிக்கு மருந்து எடுத்துக் கொடுத்தாள்.

மாதம் 300 வெள்ளி கட்டினால் 60,000 வெள்ளியை அடைக்க 200 மாதம் ஆகும். பதினாறு வருஷத்துக்கும் மேல். சேவைக் கட்டணம் தனி. அவளுக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது. கடன் இன்னும் போகவில்லை.

இன்று நிலைமை தலைகீழ். தாதியர் பற்றாக்குறை என்கிறார்கள். பயிற்சி பெற்றவர்கள் சிங்கப்பூருக்கும் சவூதிக்கும் போகிறார்கள். ஆகவே திருவிழா மேசைகள் மறுபடியும் வரும். நல்ல சட்டை போட்ட தம்பிகளும் வருவார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மாதிரிக் காசோலைகள்

இன்னொரு கூட்டத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறை மண்டபத்தில் மேடை போட்டு, கதவு அளவுக்கு ஒரு காசோலையைப் பிள்ளைகளின் கையில் கொடுத்துப் படம் பிடித்துக் கொள்ளும் நம்மவர்கள். பொன்னாடை யாருக்கு? கொடுப்பவருக்கு. கூட்டத்தின் பின்வரிசையில் பாதி நாள் சம்பளத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பது யார்? நம் பெற்றோர்.

இந்தியர் பெயரில் ஒதுக்கப்படும் பணம் யாருடைய அப்பன் வீட்டுப் பணமும் அல்ல. நாம் கட்டும் வரிப்பணம். அதைக் கொடுப்பவருக்கு மாலை எதற்கு? எத்தனை பேர் மனுப் போட்டார்கள், எத்தனை பேருக்குக் கிடைத்தது, எந்த அளவுகோலில் என்று கணக்குச் சொல்லட்டும். மாலையை அப்புறம் யோசிக்கலாம்.

நம் வீட்டுக்குள்ளும் ஒரு கேள்வி

மற்றவர்களை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போனால் இது பாதி உண்மைதான். "நர்ஸ் வேலையா? கண்டவன் மலஜலத்தை அள்ளணுமே! ராத்திரி வேலை வேறு. யார் கட்டிக்குவான்?" இப்படிப் பேசியது வெள்ளைக்காரனா, அமைச்சரா? நம் சித்தப்பா பேசினார், நம் அத்தை பேசினார். பெற்ற தாய் மருத்துவமனைக் கழிவறையைக் கழுவிக் குடும்பத்தைக் காப்பாற்றும்போது வராத அவமானம், மகள் தாதியாகி உயிரைக் காப்பாற்றும்போது மட்டும் எப்படி வருகிறது?

பையன்களுக்கும் இது பொருந்தும். ஆண் தாதியர் இருக்கிறார்கள். 'கிரெடிட் இல்லை, லாரி ஓட்டட்டும்' என்று பதினேழு வயதிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். மலாய், கணிதம், அறிவியலில் ஒரு பாடம் விட்டுப் போயிருந்தால் மறுபடி எழுதலாம். ஒரு வருஷம் போனால் போகட்டும். கல்யாணத்துக்கு வட்டிக்கு வாங்கத் தயங்காத நாம், மறுதேர்வுக் கட்டணத்துக்குத் தயங்கலாமா?

கையெழுத்துக்கு முன் செய்ய வேண்டியவை

முதலாவது, அரசாங்க வாசலைத் தட்டுங்கள். சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகங்கள் நாடு முழுவதும் இருக்கின்றன. தனியார் கல்லூரியோடு ஒப்பிட்டால் அங்கே குடும்பத்தின் மீது விழும் சுமை மிகக் குறைவு. எஸ்.டி.பி.எம். முடித்த பிள்ளைகளுக்கு மலாயாப் பல்கலைக்கழகம், தேசியப் பல்கலைக்கழகம், அறிவியல் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் தாதிமைப் பட்டப்படிப்பு இருக்கிறது. மனுக் காலம் குறுகியது. முடிவு வரும் முன்பே தயாராக இருங்கள்.

இரண்டாவது, கல்லூரியைச் சோதியுங்கள். அந்தப் படிப்புக்கு மலேசியத் தகுதி அங்கீகார நிறுவனமான எம்.கியூ.ஏ.யின் அங்கீகாரம் இருக்கிறதா? மலேசியத் தாதியர் வாரியம் ஒப்புக் கொண்டிருக்கிறதா? எந்த மருத்துவமனையில் வார்டுப் பயிற்சி? வாரியத்தில் பதிவு பெறாமல் இந்நாட்டில் தாதியாக வேலை செய்ய முடியாது. சேர்க்கைத் தகுதி காலத்துக்குக் காலம் மாறும். திருவிழா மேசையில் கேட்காமல் வாரியத்திடமே கேளுங்கள்.

மூன்றாவது, 'இது உபகாரச் சம்பளமா, கடனா?' என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். தனியார் மருத்துவமனை செலவை ஏற்பதாகச் சொன்னால் ஒப்பந்தத்தைப் படியுங்கள். எத்தனை வருஷம் அங்கேயே வேலை செய்ய வேண்டும்? இடையில் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும்? வாரியத் தேர்வில் தவறினால் என்ன ஆகும்? ஜாமீன் கையெழுத்து யாருடையது? மலாய் புரியாவிட்டால் பாரத்தை வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். தமிழ்ப்பள்ளி ஆசிரியரிடம் காட்டுங்கள். 'இன்றைக்கே போட்டால்தான் இடம்' என்று அவசரப்படுத்தினால் எழுந்து வந்துவிடுங்கள்.

நான்காவது, பத்திரங்கள். பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை, பள்ளிச் சான்றிதழ், பெற்றோரின் சம்பளச் சீட்டு. நாட்கூலிக்கும் குத்தகைக்கும் வேலை செய்பவர்களுக்குச் சம்பளச் சீட்டு ஒழுங்காகக் கிடைக்காது. அதற்காக மனுவைக் கைவிடாதீர்கள். வருமானத்தைச் சத்தியப் பிரமாணமாக எழுதி உறுதிப்படுத்தலாமா என்று கேளுங்கள். பிள்ளைக்குச் சிவப்பு அடையாள அட்டையோ, பத்திரத்தில் குளறுபடியோ இருந்தால் மூன்றாம் படிவத்திலேயே அதைக் கவனியுங்கள். எத்தனையோ கெட்டிக்காரப் பிள்ளைகள் இந்த ஒரு காகிதத்தில் தடுக்கி விழுந்திருக்கிறார்கள்.

ஐந்தாவது, ஒரே இடத்தில் மட்டும் மனுப் போட்டுக் காத்திருக்காதீர்கள். துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களின் பத்துப் பத்து வெள்ளியில் கட்டியெழுப்பிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் தாத்தா பெயரில் பங்கு இருக்கிறதா என்று பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். அங்கத்தினர் குடும்பப் பிள்ளைகளுக்கு என்ன கல்வி உதவி உண்டு என்று கேளுங்கள்.

ஆறாவது, மறுத்துவிட்டால் ராயுவான் போடுங்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். நகலை வைத்துக் கொள்ளுங்கள். உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் நகலோடு போங்கள். வாய்வார்த்தைக்குச் சாட்சி இல்லை. காகிதத்துக்கு உண்டு.

கேட்போம்!

அரசாங்கத்திடம் நாம் கேட்பது மூன்றே மூன்று. தாதிமைப் பயிற்சிக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் மனுப் போட்டவர், பெற்றவர் எண்ணிக்கையை இனவாரியாகவும் வருமானவாரியாகவும் ஆண்டுதோறும் வெளியிடுங்கள். மறுக்கப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் காரணத்தை எழுதிக் கொடுங்கள். கடனை உபகாரச் சம்பளம் என்று சொல்லி விற்கும் கல்லூரிகளின் உரிமத்தைப் பறியுங்கள். இதில் எது பேராசை? எது சட்டத்துக்கு மீறியது?

பெற்றோர்களே, ஒரு மனு மறுக்கப்பட்டால் அது ஒரு வீட்டின் கண்ணீரோடு முடிந்துவிடும். நூறு மனுக்கள் மறுக்கப்பட்டு, நூறு மறுப்புக் கடிதங்களும் ஒரே மேசையில் வைக்கப்பட்டால் அதற்குப் பெயர் ஆதாரம். நாம் மனுவே போடாவிட்டால், 'இந்தியர்கள் கேட்கவில்லை, அதனால் கொடுக்கவில்லை' என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்தச் சாக்கை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள்!

அடுத்த முறை மகள் முடிவுத் தாளோடு வந்து நிற்கும்போது, 'யாரைப் பார்க்கணும்?' என்று கேட்காதீர்கள். 'பாரம் எங்கே? கடைசித் தேதி எப்போ?' என்று கேளுங்கள்.

அம்மா துடைத்த தரையில் மகள் தாதியாக நடந்து வரட்டும்.