பரிவு மட்டும் போதுமா?

தொழிலாளியின் கை மட்டும் போதுமென்றிருந்த ஆலை முதலாளிகள், அவன் மனத்தையும் அளக்கப் புறப்பட்ட கதை ஒன்றுண்டு. அமெரிக்காவில், சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் தொழிற்சாலை, ஆண்டு 1924. விளக்கொளியைக் கூட்டினார்கள், உற்பத்தி உயர்ந்தது. குறைத்தார்கள்; அப்போதும் விழவில்லை! 1927-ல் பெண்கள் சிலரைத் தனியறையில் அமர்த்தி, ஓய்வு இடைவேளை தந்தார்கள், உற்பத்தி ஏறிற்று. பரிவே பலன் தந்ததென்று உளநூலார் பூரித்தனர்.

அப்பெண்களின் கூலிமுறையும் மாற்றப்பட்டதே, அதைக் கதை சொல்வோர் மெல்ல விழுங்குவதேன்? அதிகம் பேசியதாகச் சொல்லி, 1928-ல் இருவரை அகற்றியதும் பரிவில் சேர்த்திதானா?

1931-ல் அதே ஆலையில் 14 ஆண்களைக் கவனித்தார்கள். அவர்களோ, ஓர் அளவுக்குமேல் செய்ய மறுத்தனர். அதிகம் செய்தால் கூலி விகிதம் வெட்டப்படும் என்ற அச்சம்! அறிவுரையால் தீருமா அது? உறுதியான கூலியும் நிலையான வேலையுமன்றோ அதற்கு மருந்து!

இன்று நிறுவனங்கள் மன அமைதி வகுப்பு நடத்துகின்றன. வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆனால், வேலை நேரம் பற்றியும் கூலி பற்றியும் பேசத் தொழிற்சங்கத்தை அழைக்காமல், மூச்சுப் பயிற்சிக்கு மட்டும் தொழிலாளியை அழைப்பது மருத்துவமல்ல, மயக்கப் பொடி!