தலைவலி அவரவர் பாடா?

அலுவலகத்தில் ஒருவருக்குத் தலை வலிக்கிறது என்றால், அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே காரணப் பட்டியல் தயாராகிவிடுகிறது. ராத்திரி சரியாகத் தூங்கியிருக்க மாட்டார், காலையில் சாப்பிட்டிருக்க மாட்டார், போனை நோண்டிக்கொண்டே இருந்திருப்பார், கண்ணாடியின் பவர் மாறியிருக்கும், வீட்டில் ஏதோ டென்ஷன். பெண்ணாக இருந்தால் இன்னும் இரண்டு காரணங்கள் சேரும். அவற்றை யாரும் உரக்கச் சொல்வதில்லை. இந்தப் பட்டியலில் உள்ளவை எல்லாம் அவருடைய உடம்போடும் வீட்டோடும் நின்றுவிடுகின்றன. எட்டு ஒன்பது மணி நேரம் அவர் உட்கார்ந்திருந்த அறை, தலைக்கு மேல் எரிந்த விளக்கு, சுவாசித்த காற்று, இவை எதுவும் அதில் இடம்பெறுவதில்லை. திருவனந்தபுரத்தில் அரசு அலுவலகக் கோப்பு அறைக்கும் கழக்கூட்டத்தின் ஐடி நிறுவனத்துக்கும் எத்தனையோ வித்தியாசம் உண்டு. இந்த விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று. மேசை இழுப்பறையில் ஓர் அமிர்தாஞ்சன் புட்டி, கைப்பையில் ஓர் அட்டை மாத்திரை, அதற்கு மேல் யாரும் போவதில்லை. தலைவலி அவரவர் பாடு என்ற இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் கிடையாது. அதற்கு எதிரான ஆதாரமோ முப்பது நாற்பது ஆண்டுகளாகக் குவிந்து கிடக்கிறது.

விளக்கிலிருந்து தொடங்கலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பழைய காப்பர் சோக் போட்ட டியூப்லைட் அந்த மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை மங்கி மங்கி எரிகிறது. கண் அதைப் பார்ப்பதில்லை. அதனால் அது இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். பிரிட்டனிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்தான். அங்கே ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய குழுவினரும் அலுவலக ஊழியர்களிடம் நடத்திய சோதனை 1989-ல் வெளியானது. சில வாரங்கள் பழைய சோக், சில வாரங்கள் இந்த நடுக்கத்தைப் பெருமளவு குறைக்கும் எலெக்ட்ரானிக் சோக் என்று மாற்றி மாற்றிப் பொருத்தினார்கள். எந்த வாரம் எது எரிகிறது என்று உட்கார்ந்திருந்தவர்களுக்கும் தெரியாது, கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது. எலெக்ட்ரானிக் சோக் இருந்த காலத்தில் தலைவலியும் கண்வலியும் சராசரியாகப் பாதிக்கும் கீழே இறங்கின. மேல் மாடிகளுக்குப் போகப் போக, அதாவது இயற்கை வெளிச்சம் கூடக் கூட, தலைவலி குறைந்ததும் தெரியவந்தது. அந்த ஊழியர்கள் அந்தக் காலத்தில் மட்டும் நன்றாகத் தூங்கினார்கள், நன்றாகச் சாப்பிட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. மாறியது சோக் ஒன்றுதான். இப்போது எல்இடி வந்துவிட்டதே, இது பழைய கதை என்பார்கள். விலை மலிந்த எல்இடி விளக்குகள் பலவற்றில் உள்ளே இருக்கும் மின்சுற்று அதே நூறு நடுக்கத்தைச் சில சமயம் டியூப்லைட்டைவிட மோசமாகவே தருகிறது. சந்தேகம் இருப்பவர்கள் கைப்பேசி கேமராவை ஸ்லோ மோஷனில் வைத்து அலுவலக விளக்கை நோக்கிப் பிடித்துப் பார்க்கலாம். வெளிச்சம் குப் குப்பென்று துடிப்பது திரையில் தெரிந்தால் விளக்கை மாற்றச் சொல்ல அதுவே போதும்.

காற்று விஷயத்தில் ஆதாரம் இதைவிட அதிகம். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், ஊழியர்களின் புகார்களை வைத்து 1988 வரை 529 கட்டடங்களின் உட்புறக் காற்றை ஆராய்ந்தது. தலைவலி, கண் எரிச்சல், தொண்டை வறட்சி, சோர்வு என்று எங்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் புகார்கள். அவற்றில் 280 கட்டடங்களில், அதாவது பாதிக்கும் மேல், முக்கியக் குறையாகக் கண்டது போதிய காற்றோட்டம் இல்லாததைத்தான். இதற்கு ஒரு பின்னணி உண்டு. 1970-களின் எண்ணெய் நெருக்கடியில் எரிசக்தியை மிச்சப்படுத்தக் கட்டடங்களை இறுக மூடினார்கள். ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி வெளிக்காற்று போதும் என்ற அளவுக்கு அமெரிக்க விதிமுறை இறங்கியது. புகார்கள் பெருகிய பிறகு 1989-ல் அலுவலகங்களுக்கு அதை 20 கன அடியாக உயர்த்தினார்கள். நம் ஊரில் எண்ணெய் நெருக்கடி செய்த வேலையை ஸ்பிளிட் ஏசி செய்கிறது. வெளிச்சுவரில் ஒரு பெட்டி தொங்குவதைப் பார்த்து, அது வெளிக்காற்றை இழுத்துக் குளிரவைத்து உள்ளே அனுப்புகிறது என்று பலரும் நம்புகிறார்கள். அந்தப் பெட்டி வெப்பத்தை வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். உள்ளே சுற்றுவது காலையில் கதவைச் சாத்தியபோது இருந்த அதே காற்று. அதோடு இருபது பேரின் மூச்சு, ஃபினாயில் வாசனை, ரூம் ஃப்ரெஷ்னர், ஜெராக்ஸ் இயந்திரத்தின் சூடு. மதியத்துக்குப் பிறகு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை கனக்கிறதென்றால் சாப்பாட்டின் மேல் பழி போடுகிறோம். திருவனந்தபுரம் போன்ற கடலோர ஊரில் இன்னொன்றும் சேர்கிறது. இரண்டு பருவமழைகளும் ஈரக்காற்றும் உள்ள இடத்தில், சுத்தம் செய்யாத ஏசி தட்டிலும் குழாயிலும் பூஞ்சை பிடிக்க வருஷம் முழுக்கத் தோதான காலம்தான்.

காற்றைப் பற்றிய சோதனைகளில் அலுவலக மேலாளர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது டென்மார்க்கில் 1999-ல் பாவெல் வார்கோட்ஸ்கியும் சகாக்களும் வெளியிட்டது. முப்பது பெண்களை ஓர் அலுவலக அறையில் வேலைசெய்ய வைத்தார்கள். தடுப்புக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாமல், எங்கோ இருபது வருஷம் கிடந்த ஒரு பழைய கம்பளத்தைச் சில நாள் வைத்தார்கள், சில நாள் எடுத்துவிட்டார்கள். வெப்பம், ஈரம், காற்றோட்டம் எதையும் மாற்றவில்லை. கம்பளம் இருந்த நாள்களில் தலைவலி கூடியது. தட்டச்சு வேகம் 6.5 சதவீதம் குறைந்தது. டென்ஷன்தான் காரணம் என்று சொல்கிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. அந்தப் பெண்களின் மனதில் என்ன இருந்ததோ, அது கம்பளம் இருந்த நாளிலும் இருந்தது, இல்லாத நாளிலும் இருந்தது.

சரி, மைக்ரேன் பரம்பரையாக வருவதாயிற்றே, அதற்கு அலுவலகம் என்ன செய்யும் என்பது அடுத்த ஆட்சேபம். இதில் பாதி உண்மை இருக்கிறது. மைக்ரேன் வரும் தன்மையில் மரபணுவுக்குக் கணிசமான பங்கு உண்டென்று இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் அந்தத் தன்மை உள்ளவருக்கு மாதம் இரண்டு தடவை வருகிறதா எட்டுத் தடவை வருகிறதா என்பதை மரபணு மட்டும் தீர்மானிப்பதில்லை. தூக்க நேரம் மாறுவது, சாப்பாடு தள்ளிப்போவது, கூசும் வெளிச்சம், கடும் வாசனை இவையெல்லாம் தூண்டுதல்களாக நோயாளிகள் திரும்பத் திரும்பச் சொல்பவை. அமெரிக்க வாடிக்கையாளரின் பகலுக்காக இங்கே இரவு விழிக்கும் ஷிப்டில் தூக்க நேரத்தைத் தீர்மானிப்பவர் ஊழியர் அல்ல. மைக்ரேன் வரும் தன்மை உள்ளவர்கள் ஒரு சிலரும் அல்ல. கர்நாடகத்தில் நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 18 முதல் 65 வயது வரையுள்ளவர்களிடம் வீடு வீடாக எடுத்த கணக்கில், ஓராண்டுக்குள் மைக்ரேன் வந்தவர்கள் 25.2 சதவீதம். நாலில் ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாத அறையை, அந்த நாலில் ஒருவரின் குறை என்று சொல்வது என்ன நியாயம்?

வேலையால் வந்த வலி என்றால் ஞாயிற்றுக்கிழமை ஏன் வருகிறது என்று மடக்குகிறவர்களும் உண்டு. வெடிமருந்துத் தொழிற்சாலைகளின் வரலாறு இதற்கு நல்ல பாடம். நைட்ரோகிளிசரின் கையாண்ட தொழிலாளர்களுக்குத் திங்கள்கிழமைதோறும் மண்டையைப் பிளக்கும் வலி வரும். வாரக் கடைசிக்குள் உடம்பு பழகிவிடும். விடுமுறையில் அந்தப் பழக்கம் விட்டுப்போகும். திங்களன்று மறுபடியும் முதலிலிருந்து. பழக்கம் விடாமலிருக்கச் சிலர் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தொப்பி நாடாவில் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனார்களாம். அங்கே வலி வரும் கிழமை காரணத்தைக் காட்டிக்கொடுத்தது. மைக்ரேனில் கணக்கு தலைகீழாகவும் போகலாம். மன அழுத்தம் ஏறும்போது வராமல், இறங்கும்போது வலி வருவதுண்டு. 2014-ல் ரிச்சர்ட் லிப்டன் குழு வெளியிட்ட ஒரு சிறு நாட்குறிப்பு ஆய்வில், அழுத்தம் தணிந்த அடுத்த ஆறு மணி நேரத்தில் மைக்ரேன் வரும் வாய்ப்பு ஏறக்குறைய ஐந்து மடங்காகியிருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனாலும் சனி, ஞாயிறு தலைவலியைக் காட்டி அலுவலகத்துக்கு நற்சான்றிதழ் கொடுத்துவிட முடியாது என்பதற்கு அது போதும்.

தலைவலி அவரவர் பாடு என்ற நம்பிக்கையால் லாபம் அடைகிறவர்களும் இருக்கிறார்கள். திரையின் நீல ஒளிதான் வில்லன் என்று சொல்லிக் கண்ணாடிக் கடைகள் கூடுதல் பணத்துக்கு நீல வடிகட்டி லென்ஸ் விற்கின்றன. 17 சோதனைகளை அலசி 2023-ல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, குறுகிய காலப் பார்வையில் சாதாரண லென்ஸைவிட இது கண்களின் களைப்பைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று சொல்லிவிட்டது. விற்பனை நின்றதாகத் தெரியவில்லை. லென்ஸ் பணத்தோடு போய்விடும், மாத்திரை அப்படியல்ல. மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ பாரசிட்டமால் போன்ற மாத்திரையை, அல்லது 10 நாளுக்குக் குறையாமல் கஃபீன் கலந்த கூட்டு மாத்திரையை, மூன்று மாதத்துக்கு மேல் விழுங்கிவந்தால் அந்த மாத்திரையே நிரந்தரத் தலைவலியைக் கொண்டுவரக்கூடும். உலகத் தலைவலி வகைப்பாட்டில் அதற்குத் தனி இடமே உண்டு. விளக்கையும் காற்றையும் அப்படியே விட்டுவிட்டு ஊழியரை மாத்திரைக்கு அனுப்பும் அலுவலகம், இரண்டாவது ஒரு நோயையும் சேர்த்துக் கொடுக்கிறது. ஜெனரேட்டர் புகை உள்ளே வரும் இடத்தில் ஆபத்து இன்னும் பெரிது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. முதல் அறிகுறி பெரும்பாலும் தலைவலிதான். அதை மாத்திரையால் அமுக்கிவிட்டு அதே இடத்தில் உட்காருவது உயிரோடு விளையாடுவது.

ஜன்னலைத் திறந்தால் புழுக்கம், மின்கட்டணம், தூசி என்பது நியாயமான ஆட்சேபம். இதற்குத் திருவனந்தபுரத்திலேயே ஒரு பதில் கட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உள்ளூர் என்னும் பகுதியில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகத்தைக் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் வடிவமைத்தார். செங்கற்களுக்கு இடையே துளைவிட்டுக் கட்டிய ஜாலிச் சுவர்கள் வெயிலைச் சல்லடை போட்டு வெளிச்சமாக்குகின்றன. காற்று தடையில்லாமல் போய்வருகிறது. அங்கே கணினி மையத்துக்கு மட்டும் இரட்டைச் சுவர்: வெளியே வளைந்து வளைந்து போகும் ஜாலி, உள்ளே கணினிக்கு வேண்டிய கட்டுப்பாடுகளோடு இன்னொரு சுவர். நாடெங்கும் ஐடி கட்டடங்கள் பின்பற்றியதோ முழுக் கண்ணாடிச் சுவரை. கண்ணாடி வெயிலை உள்ளே விடும், அது திரையில் பட்டுக் கூசும், கூசாமலிருக்கத் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் பகலில் விளக்கைப் போடுவார்கள். இப்போது கட்டடங்களை இடித்துக் கட்டச் சொல்ல முடியாது, யாரும் சொல்லவும் இல்லை. ஒரு கார்பன் டை ஆக்சைடு மீட்டரும் வெளிக்காற்றைத் தள்ளும் ஒரு விசிறியும் வாங்க ஆகும் செலவு, ஓர் ஊழியர் தலைவலியோடு உட்கார்ந்து வீணாக்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை.

தலைவலிக்கு அலுவலகம் காரணமா என்று விசாரணை ஆரம்பித்தால் ஆளாளுக்குத் தலைவலி என்பார்கள் என்ற பயமும் இருக்கிறது. ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்ற பெண்களின் கால்வலியையும் நரம்புச் சுருட்டலையும் பற்றி இதையேதான் சொன்னார்கள்: அது அவரவர் உடம்பு வாகு, உட்கார விட்டால் வேலை நடக்காது. கோழிக்கோட்டில் பி. விஜியின் பெண்கூட்டு அமைப்பு வருஷக்கணக்கில் போராடிய பிறகு, 2018-ல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமையைக் கொடுத்தது. 2021-ல் தமிழ்நாடும் பின்தொடர்ந்தது. உட்கார இடம் கொடுத்ததால் எந்தக் கடையும் வியாபாரத்தை நிறுத்தியதாகத் தெரியவில்லை.

திருவனந்தபுரத்தில் இந்த விசாரணையை நடத்த ஆளுக்குப் பஞ்சமில்லை. நரம்பியலுக்குப் பேர்போன ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இங்கே இருக்கிறது, அதன் பொது சுகாதாரப் பிரிவான அச்சுத மேனன் மையமும் இருக்கிறது. வெறும் கேள்வித்தாள் போதாது. கூசும் வெளிச்சத்தால் வலி வந்ததாக நோயாளி நினைப்பார். சில சமயம் வலி தொடங்கிவிட்டதால்தான் வெளிச்சம் கூசியிருக்கும். அதனால் எதையாவது மாற்றிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஓர் அரசு அலுவலகம், ஓர் ஐடி நிறுவனம், இரண்டிலும் இரண்டிரண்டு மாடிகள். ஊழியர்களின் சம்மதத்தை முதலில் வாங்கிக்கொண்டு, ஒரு மாடியில் விளக்கையோ காற்றையோ சில வாரங்களுக்கு மாற்றுவது, பிறகு மாடிகளை இடம் மாற்றிக்கொள்வது. யார் எங்கே எப்போது உட்கார்ந்தார், எந்த மணிக்கு வலி தொடங்கியது, எத்தனை மாத்திரை என்று ஊழியர்கள் பெயர் போடாமல் குறித்துவைக்க வேண்டும். விடுப்புப் பதிவேட்டை நம்பிப் பயனில்லை. தலைவலி என்று எழுதி லீவு கேட்பவர் குறைவு, காய்ச்சல் என்றே எழுதுவார்கள். எந்த வாரம் எது மாறியது என்பதைக் கடைசிவரை யாரிடமும் சொல்லக் கூடாது. முடிந்ததும் முடிவை மேலாளரின் மின்னஞ்சலுக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருக்காமல், அந்த மாடிகளின் லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.