பின்சக்கரத்துக்கு நான்கு பல் கூடுதல்

தோப்பும்படியிலிருந்து வில்லிங்டன் தீவுக்குப் போகும் பாலத்தில் சைக்கிள்காரர்கள் படும் பாடு கொச்சித் தமிழர்களுக்குப் புதிதல்ல. கோட்டைக் கொச்சி வேளியில் தலைமுறைகளாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழர்களில் ஒருவர் கேரியரில் இஸ்திரித் துணி மூட்டை கட்டி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஏற்றம் தொடங்கியதும் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதிப்பார். வண்டி இடமும் வலமுமாக ஆடும். பின்னால் பஸ் ஹாரன் அடிக்கும். பாதி ஏற்றத்தில் இறங்கித் தள்ளுவார். வயதாகிவிட்டது என்று தம் முழங்காலை நொந்துகொள்வார்.

குறை முழங்காலில் இல்லை. பல் கணக்கில் இருக்கிறது.

கியர் இல்லாத சைக்கிள் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதற்கும் ஒரு கியர் உண்டு. மாற்ற முடியாதபடி ஒன்றே ஒன்று. முன்னால் 44 பல், பின்னால் 18 பல் என்றால், மிதி ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி ஏறக்குறைய ஐந்தரை மீட்டர் நகரும். வெறும் ஆளுக்கும் சமதரைக்கும் இது போதும். மூட்டைக்கும், பாலத்து ஏற்றத்துக்கும், இடவப்பாதி மழையோடு வரும் எதிர்காற்றுக்கும் போதாது.

பின்னால் 22 பல் ஃப்ரீவீல் மாட்டினால் ஒரு சுற்றுக்கு நாலரை மீட்டர்தான் நகரும். ஆனால் ஒவ்வொரு மிதியிலும் காலில் விழும் பாரம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறையும். மொத்த உழைப்பு குறைந்துவிடாது. படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறுவதற்கும் ஒவ்வொன்றாக ஏறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

வேகம் போய்விடும் என்பார்கள். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போக, 18 பல்லில் நிமிடத்துக்கு 46 சுற்று மிதிக்க வேண்டும். 22 பல்லில் 56 சுற்று. இந்தப் பத்துச் சுற்றுக்குக் கால் விரைவில் பழகிவிடும். இறங்கித் தள்ளுகிற நேரத்தை யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

பிரான்ஸைச் சுற்றி வரும் பெரிய சைக்கிள் பந்தயத்தில் 1937 வரை ஓடிக்கொண்டே மாற்றும் கியருக்கு அனுமதி கிடையாது. பின்சக்கரத்தின் இரு பக்கமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரம் வைத்திருந்த வீரர்கள், மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினார்கள். உலக வீரர்களுக்கே அதில் கௌரவக் குறைவு இருக்கவில்லை!

வேலையும் பெரிதல்ல. பழைய ஃப்ரீவீல் மிதிக்க மிதிக்க மரை இறுகியிருக்கும். அதற்குரிய கருவி உள்ள கடையில்தான் கொடுக்க வேண்டும், உளியால் தட்ட விடக்கூடாது. நான்கு பல் கூடினால் பின்சக்கரம் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாக முன்னே நகரும். இடம் போதாவிட்டால் செயினில் ஒரு கண்ணி சேர்க்க வேண்டும். கம்பி பிரேக் வண்டியில் பின் பிரேக் கட்டையையும் சரிபார்த்துத் திருத்த வேண்டும். தேய்ந்த செயினைப் புதுப் பல்லில் போட்டால் வழுக்கும். எழுந்து நின்று மிதிக்கிறவருக்கு அது விபத்து. முழுச் செயின் கவர் உள்ள வண்டியில் பெரிய பல் உரசுகிறதா என்று முதலில் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாரும் மாற்ற வேண்டியதில்லை. டிபன் பாக்ஸ் மட்டும் தொங்கவிட்டுத் தீவுக்கு வேலைக்குப் போகும் குமாஸ்தாவுக்கு 20 பல் தாராளம். தோப்பும்படிக்கும் மட்டாஞ்சேரிக்கும் இடையில் மட்டும் போய்வருகிறவருக்குப் பழையதே போதும். மூட்டைக்காரருக்குத்தான் அவசியம், அவருக்குத்தான் இதை எடுத்துச் சொல்ல ஆளில்லை. தஞ்சாவூர் வயல்வெளிக்கும் கொச்சிப் பாலத்துக்கும் பெரும்பாலும் ஒரே கணக்கில் பல் வைத்து விற்கிறார்கள். புது வண்டி வாங்க வருகிறவரிடம், சுமை ஏற்றுவீர்களா, பாலம் ஏறுவீர்களா என்று கடைக்காரர் கேட்டுவிட்டு ஃப்ரீவீலை மாட்டிக் கொடுத்தால் என்ன?