மூலைகளின் பாஷை

ஆங்கில அகராதியில் யாரும் எட்டிப் பாராத இடங்கள் சில உண்டு. அங்கே 'குவின்குவாங்குலர்', 'செக்ஸாங்குலர்', 'செப்டாங்குலர்' என்னும் பண்புச் சொற்கள் தூசி படிந்து கிடக்கின்றன. நேயர்கள் பயந்துவிட வேண்டாம். லத்தீன் பாஷையில் 'ஆங்குலுஸ்' என்றால் மூலை. 'குவின்குவே' ஐந்து, 'செக்ஸ்' ஆறு, 'செப்டெம்' ஏழு. ஐந்து மூலை, ஆறு மூலை, ஏழு மூலை உடையது என்பதற்குமேல் அவற்றில் ரகசியம் ஏதும் இல்லை!

'ட்ரையாங்குலர்', 'குவாட்ராங்குலர்' என்று மூன்றுக்கும் நான்குக்கும் லத்தீன் வழிச் சொற்கள் நிலைத்துவிட்டன. ஐந்து முதற்கொண்டு 'பென்டகனல்', 'ஹெக்ஸகனல்' என்று கிரேக்கம் வந்து குடியேறிவிட்டது. லத்தீன் வழி வந்தவை அருகிப் போயின.

தப்பிப் பிழைத்தவையும் உண்டு. யார்க் நகரில் ரோமானியர் கட்டிய கோட்டையின் ஒரு மூலையில் பத்துப் பக்கமுள்ள கோபுரம் இன்றும் நிற்கிறது. அதன் பெயர் 'மல்டாங்குலர் டவர்', அதாவது பல மூலைக் கோபுரம். தாவர சாஸ்திரிகள் மூன்று கூரிய விளிம்புள்ள தண்டை 'ட்ரைக்வெட்ரஸ்' என்பார்கள். கோரைத் தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று மூலைகள் தட்டுப்படும். நம் மணிக்கட்டில் உள்ள ஓர் எலும்புக்கும் 'ட்ரைக்வெட்ரல்' என்றே பெயர்.

இத்தனை இரவல் எதற்கு என்று ஆங்கிலேயருக்கே ஒரு காலத்தில் தோன்றியது. அப்போது அந்நாட்டில் சாஸ்திரங்களுக்கு உரிய பாஷை லத்தீன். 1557-ல் சமக்குறியை உலகுக்கு அளித்த ராபர்ட் ரெக்கார்ட் என்னும் வைத்தியர், அதற்கு முன்பே, 1551-ல், க்ஷேத்திர கணிதத்தை ஆங்கிலத்தில் எழுதினார். 'அக்யூட்' கோணத்தை 'ஷார்ப் கார்னர்', கூர்மூலை, என்றார். 'அப்டியூஸ்' கோணத்தை 'பிளண்ட் கார்னர்', மழுங்கிய மூலை, என்றார். லத்தீன் அறியாத தொழிலாளிக்கும் விளங்கும் சொற்கள்! ஆனால் அவை நிலைக்கவில்லை. 'அக்யூட்' என்பதற்கும் லத்தீனில் கூரியது என்றுதான் பொருள். ஆங்கிலக் குழந்தைக்கு அதை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இலங்கைத் தமிழ்ப் பாடப் புத்தகத்தில் அதன் பெயர் 'கூர்ங்கோணம்'. ஐங்கோணம், அறுகோணம், எண்கோணம் என்பவற்றையோ, எண்ணத் தெரிந்த குழந்தை தானே உண்டாக்கிக்கொள்ளும். தமிழில் சாஸ்திரம் சொல்ல முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ரெக்கார்ட் காலத்தில் ஆங்கிலத்தைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்டார்கள். எழுத முன்வந்தவர்களே அதற்குப் பதில் சொன்னார்கள்.